பஜ்ஜிக் காகிதத்தில் நானூறு கட்டம்

அத்தியாயம் 4

வாழைக்காய் பஜ்ஜி மடித்து வந்த காகிதம் ஒன்றை வக்கீல் நோட்டீஸ் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒரு டீச்சர் படியேறி வந்தபோது சனிக்கிழமை காலை எட்டே கால். பாலக்கரையில் தையல்கடை மாடியில் இருக்கும் மஹ்ஜபீன் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளன் அருள்ராஜ் மேசையைத் துடைக்கிற பாவனையில் இருந்தான். திருவெறும்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டான் என்று அவன் அப்பா ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பல்கலைக்கழகம்தான் இன்னும் சொல்லவில்லை. முதல் செமஸ்டர் கணக்குத்தாள் ஆறு வருஷமாக அவனுக்காகக் காத்திருக்கிறது.

“பஜ்ஜி எங்கங்க?” என்றான்.

“நேத்து சாயங்காலமே சாப்பிட்டுட்டேன்.”

“தடயத்தைத் தின்னுட்டு உறையை மட்டும் கொண்டாந்திருக்கீங்க.”

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கண் சிவந்திருந்தது. அழுத சிவப்பு அல்ல, தூங்காத சிவப்பு. “என் பேரு வேணி. ஸ்ரீரங்கத்துல ஒரு ஸ்கூல்ல நாலாங்கிளாஸ் எடுக்கறேன். இன்னைக்குப் பதினோரு மணிக்கு என்னை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்க. மேடம் இருக்காங்களா?”

மேடம் உள்ளறை வாசலில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். மஹ்ஜபீனுக்கு நாற்பத்தாறு வயது. அவர் கத்துகிற நாள் நல்ல நாள் என்பது அருள்ராஜ் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்ட ஒரே பாடம். உண்மையிலேயே கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடி கழன்று கைக்கு வரும், குரல் தரைக்கு இறங்கும்.

“உக்காரும்மா. எதுக்கு நிறுத்தறாங்க?” என்று கத்தினார். நல்ல நாள்தான்.

வேணி சொன்னாள். அவள் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டு முப்பத்திரண்டும் போன மாதம் ஒரே நாளில் காணாமல் போய்விட்டன. வகுப்பு அலமாரிக்குப் பூட்டு கிடையாது. மின்விசிறி இருந்தது, சுவர்க் கடிகாரம் இருந்தது, யாரோ மறந்துவிட்டுப் போன புது டிபன் பாக்ஸ்கூட இருந்தது. நோட்டு மட்டும் இல்லை. திருத்தாமல் போட்டுவைத்த சோம்பேறித்தனம் வெளியே தெரியாமலிருக்க அவளே எரித்துவிட்டாள் என்று தலைமை ஆசிரியர் லூர்து மெமோ கொடுத்திருக்கிறார். இன்று பள்ளி நிர்வாகக் குழு விசாரணை.

“நேத்து அம்மா மண்டபம் ரோட்டுத் தள்ளுவண்டில பஜ்ஜி வாங்கினேன். கடைசி பஜ்ஜியைத் தின்னுட்டுப் பார்த்தா, உள்ள நான் போட்ட ஸ்டார்.”

அருள்ராஜ் மெமோவை வாங்கிப் படித்தான். “ஜனவரி மாதத்துக்குப் பிறகு மேற்படி நோட்டுகள் எதுவும் என் பார்வைக்கு வைக்கப்படவில்லை.” கீழே பச்சை மையில் அரைப் பக்கத்துக்குக் கையெழுத்து. தேதி மூன்று இடத்தில்.

“இது கையெழுத்தா, மார்கழிக் கோலமா? தேதியை எதுக்கு மூணு வாட்டி போட்டிருக்காரு?”

“அவரு அப்படித்தான். பிள்ளைங்க தேதி போடலைன்னா நோட்டைத் தூக்கி எறிவாரு. ஸ்கூல்ல அவருக்குப் பேரே ‘தேதி போடல’ சார்தான்.”

மஹ்ஜபீன் பஜ்ஜிக் காகிதத்தை மேசையில் விரித்தார். கட்டம் போட்ட கணக்கு நோட்டின் நீளமான தாள். பென்சிலில் ஒரு சதுரம், உள்ளே குட்டிக் குட்டிக் கட்டங்கள். ‘எங்கள் கிரவுண்டு. நீளம் 20, அகலம் 20. பரப்பளவு 400 கட்டம்.’ பேர் பானுப்ரியா, தேதி ஜனவரி 21. சிவப்பு மையில் டிக், பக்கத்தில் ஒரு ஸ்டார்.

“இது என்ன கட்டம்?”

“பழைய பேப்பரை எல்லாம் ஒட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஒரு சதுரம் செஞ்சோம் மேடம். பிள்ளைங்க பேப்பர்ப் பாய்னு பேரு வச்சாங்க. கிரவுண்டுல அதை வரிசையா புரட்டிப் புரட்டிப் போட்டு எண்ணினோம். ஒரு வரிசைக்கு இருபது பாய். அந்த மாதிரி இருபது வரிசை. நானூறையும் எண்ணி முடிக்கறதுக்குள்ள ஒரு பொண்ணே சொல்லிடுச்சு, மிஸ், எதுக்கு எண்ணறோம், இருபது இருபதைப் பெருக்கினா போச்சேன்னு. அதான் பானுப்ரியா.”

“நான் அந்த வயசுல பாயில படுத்துத் தூங்கினேன்,” என்றான் அருள்ராஜ். “அதான் இங்க வந்து சேர்ந்தேன்.”

மஹ்ஜபீன் காகிதத்தைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். வாழைக்காய் பஜ்ஜி ஒரு காகிதத்துக்குச் செய்கிற உபகாரம் என்னவென்றால், அதைக் கண்ணாடியாக்கிவிடும். முன்பக்கத்துச் சதுரத்தின் ஊடே பின்பக்கத்திலிருந்து இன்னொரு உருவம் எட்டிப் பார்த்தது. ஒல்லியாக, நெடுநெடுவென்று.

திருப்பினார். எண்ணெயில் பென்சில் மங்கியிருந்தாலும் எழுத்து படிக்கிற மாதிரிதான் இருந்தது. ‘எங்கள் புது கிரவுண்டு. நீளம் 30, அகலம் 10. பரப்பளவு 300 கட்டம். மிச்சம் 100 கட்டத்தைக் காணோம் மிஸ்.’ தேதி பிப்ரவரி 16. அந்தக் கடைசி வரிக்குக் கீழே பச்சையாக ஒரு தீற்றல்.

“இந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை,” என்றாள் வேணி. “இது நான் கொடுத்த கணக்கில்ல. அதுவே போய் அளந்திருக்கு.”

“பச்சையா இது என்ன?”

“கொத்தமல்லிச் சட்னி,” என்றான் அருள்ராஜ், நிபுணனாக.

“புது கிரவுண்டுன்னா?”

பள்ளிக்குப் பக்கத்தில் பிச்சமுத்து என்பவரின் கல்யாண மண்டபம். அவர் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் பற்றவில்லை என்று, மைதானத்தில் மண்டபத்தை ஒட்டிய பகுதியை எடுத்துக்கொண்டு, பின்னால் வாய்க்காலோரம் தன் நிலத்தைப் பதிலுக்குக் கொடுத்திருக்கிறார். பிப்ரவரி முதல் வாரம் சுவர் மாறியது.

“அம்மா ஆஸ்பத்திரில இருந்ததால நான் அப்ப லீவு. எல்லார் முன்னாடியும் அளந்து, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாங்களாம். கொடுத்ததும் எடுத்ததும் சமம்னு சொன்னாங்க.”

மஹ்ஜபீன் கண்ணாடியைத் தொட்டார். கழற்றவில்லை. “பத்து வயசுப் பொண்ணு நூறு கட்டத்தைக் காணோம்னு எழுதுது. எழுதின நோட்டையே காணோம். ரெண்டையும் எடுத்தது ஒரே கைன்னு தோணுது. வண்டியை எடுடா.”

*

தள்ளுவண்டி வேலம்மாள் காலையில் இட்லிக்காரி, மாலையில் பஜ்ஜிக்காரி. நடுவில் யாராவது கேள்வி கேட்டால் சண்டைக்காரி.

“பேப்பரு திருவானைக்காவல் ஜமீல் பாய் கடையில எடுக்கறது. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டா பஜ்ஜி மடிக்க முடியும்? உங்களுக்கு இட்லி வேணுமா, வேணாமா?”

“நாலு,” என்றான் அருள்ராஜ். “பச்சைச் சட்னி நிறைய வைங்கக்கா.”

“பச்சைச் சட்னியா? கொத்தமல்லி விக்கிற விலையில? நம்ம கடையில என்னைக்குமே சிவப்புதான். அதுவும் தட்டுல சாப்பிடறவங்களுக்கு. பொட்டலத்துக்குச் சட்னியே கிடையாது.”

“அநியாயம்,” என்றான் அருள்ராஜ். அநியாயம் என்றதோடு விட்டுவிட்டான். துப்பறியும் தொழிலில் இருப்பவன் அங்கே நிறுத்தியிருக்கக் கூடாது என்று அவனுக்கே இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஜமீலின் பழைய பேப்பர் கடையில் பத்திரிகைகள் கூரை வரை ஏறியிருந்தன. “வாங்க லாத்தா,” என்று அக்கா முறை வைத்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“கணக்கு நோட்டு, முப்பத்திரண்டு. யாருப்பா கொண்டாந்தது?”

“மறக்க முடியுமா அந்த ஆளை! ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல லாத்தா, முகம் தெரியல. எடை போடப் போனேன், காசு வேணாம்னுட்டாரு. இந்த வியாபாரத்துல இருபது வருஷமா இருக்கேன், காசு வேணாம்னு சொன்ன ஒரே மனுஷன். அதைவிடக் கூத்து, நோட்டெல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசை நம்பர்படி அடுக்கி, மூலை பிசகாம கட்டியிருந்தாரு. நான் ஒண்ணை உருவினதும் ‘கலைக்காதீங்க’ன்னு அதட்டறாரு. பஜ்ஜிக்குப் போற பேப்பர்ல என்னங்க வரிசை?”

மிச்சம் பத்தொன்பது நோட்டு கிடைத்தது. மற்றவை ஸ்ரீரங்கத்தின் வயிற்றுக்குள் போய்விட்டன.

“பிச்சமுத்துதான் மேடம்,” என்றான் அருள்ராஜ், ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் வழியில். “நிலம் அவருக்கு, நோட்டு அவருக்கு எதிரி. கேஸ் முடிஞ்சுது. நான் மத்தியானம் பிரியாணிக்குச் சொல்லிடவா?”

“காசு வேணாம்னு சொல்ற கல்யாண மண்டபக்காரரை நீ பார்த்திருக்கியா?”

அருள்ராஜ் யோசித்தான். பார்த்ததில்லை. அவன் அக்கா கல்யாணத்தில் வாழையிலைக் கட்டுக்குக்கூட வாடகை கேட்டவர்கள் அவர்கள்.

*

மண்டபத்தின் புது போர்டில் ‘விசாலமான கார் பார்க்கிங் வசதி உண்டு’ என்ற பெயின்ட் இன்னும் பளபளத்தது. கீழே வழவழவென்று கல் பதித்திருந்தார்கள். ஜனவரி வரை அந்த இடத்தில் கபடிக்கோடு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், மீதிப் பள்ளிக்கூடம்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் அருள்ராஜுக்கு ரயில் பெட்டிக்குள் நுழைந்தது போலிருந்தது. முன்னும் பின்னும் தாராளம். இரண்டு பக்கமும் சுவர் தோளை உரசியது. பின்கோடியில் வாய்க்கால் நாற்றம். டீச்சருக்காக வந்திருந்த பிள்ளைகள் ஒரு முப்பது பேர் சுவரோரம் பல்லி மாதிரி ஒட்டி நின்றார்கள்.

ஷாமியானா நிழலில் நிர்வாகக் குழு. ஐந்து பேரில் மூன்று பேர் பிஸ்கட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மீதி இருவரில் ஒருவர் பிச்சமுத்து. வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் ஒரே அளவில் வருகிற சிரிப்பு. இன்னொருவர் தலைமை ஆசிரியர் லூர்து. ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனா, எதிரே நிமிர்த்தி வைத்த மெமோ கோப்பு.

“விசாரணை நோட்டைப் பத்தி,” என்றார் லூர்து. “கிரவுண்டைப் பத்தி இல்ல. நீங்க யாரு?”

“நோட்டைக் கண்டுபிடிச்சவ.” மஹ்ஜபீன் சாக்குப் பையை மேசையில் கவிழ்த்தார். பிஸ்கட் தட்டு ஓரத்துக்கு ஓடியது. “டீச்சர் எரிக்கல. யாரோ பழைய பேப்பர் கடையில போட்டிருக்காங்க. ஏன் போட்டாங்கன்னா, இதுக்குள்ள ஒரு பொண்ணு இந்த கிரவுண்டு சின்னதாயிடுச்சுன்னு எழுதியிருக்கு. நூறு கட்டம் குறையுதாம்.”

லூர்து கோப்பை மூடினார். பிச்சமுத்து வாய்விட்டுச் சிரித்தார்.

“அம்மா, பாப்பா ஏதோ விளையாட்டா எழுதியிருக்கும். நான் பத்து மீட்டர் எடுத்தேன், பத்து மீட்டர் கொடுத்தேன். நம்ம ஆளுங்க சுவத்துக்குக் கூலி நீளத்தை மீட்டர்ல அளந்துதான் வாங்குவாங்க. பழைய சுவர் எண்பது, புதுச் சுவர் எண்பது. சந்தேகமா? மூக்கா, அந்தக் கயித்தைக் கொண்டா!”

வாட்ச்மேன் மூக்கன் நீல நைலான் கயிற்றைக் கொண்டுவந்தார். பிப்ரவரியிலும் இதே கயிறுதானாம். பழைய மைதானத்தைச் சுற்றிக் கட்டி, சரியாக முடிச்சு விழுகிற இடத்தில் வெட்டி, பிறகு புது மைதானத்தைச் சுற்றிக் கட்டினார்களாம். ஒரு முழம் குறையவில்லை. தேங்காய் உடைத்தார்கள். எழுபது பேர் கைதட்டினார்கள்.

“சர்வேயர் பொய் சொல்லுவான், பத்திரம் பொய் சொல்லும். கயிறு சொல்லாதும்மா,” என்றார் பிச்சமுத்து.

மூக்கன் நாலு சுவரையும் ஒட்டிக் கயிற்றைச் சுற்றி வந்தார். முனையும் முனையும் முத்தமிட்டுக்கொண்டன. எண்பது மீட்டர். குழு தலையாட்டியது. அருள்ராஜின் தலையும் கூடவே ஆடியது. சரியாகத்தானே இருக்கிறது? நாலாங்கிளாஸ் பெண், பாவம், ஒரு வரிசையை எண்ணாமல் விட்டிருக்கும்.

சுவரோரத்திலிருந்து ஒரு பிள்ளை வேணியிடம் வந்து முந்தானையைப் பிடித்தது. இரட்டைச் சடை, ஒரு சடையில் மட்டும் ரிப்பன்.

“மிஸ், நான் போட்டது தப்பா?”

வேணி வாயைத் திறந்தாள். கயிற்றைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில்தான் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. புரிந்ததும் மஹ்ஜபீனைத் திரும்பிப் பார்த்தாள்.

மஹ்ஜபீனின் மூக்குக்கண்ணாடி கழன்று கைக்கு வந்தது.

“அருள்.” தரையிலிருந்து வந்தது குரல். “கயித்து முனையை முடிச்சுப் போடு. வளையமாக்கு. அந்தக் கோடிலேர்ந்து நீள சுவரை ஒட்டி இழுத்துட்டு வா. மூலையில மடக்கி, குட்டைச் சுவரை ஒட்டிப் படுக்க வை. ரெண்டு இழையும் பக்கத்துல பக்கத்துல கிடக்கணும்.”

அருள்ராஜ் இழுத்தான். முப்பது மீட்டர் சுவர், மூலை, பத்து மீட்டர் சுவர். நாற்பது மீட்டருக்கு இரண்டு நீலக் கோடுகள் இரட்டைத் தண்டவாளம் போல ஒட்டிப் படுத்தன. நடுவில் ஒரு செருப்பு நுழையாது.

“பிச்சமுத்து அண்ணே, கயிறு குறையுதா?”

“இல்லம்மா.”

“மிச்சம் இருக்கா?”

“இல்ல, ஆனா...”

“அதே கயிறு, அதே எண்பது. உங்க கணக்குப்படி இதுவும் அதே கிரவுண்டுதான். பிள்ளைங்களை உள்ள நிக்க வைங்க.”

யாரும் அசையவில்லை. பானுப்ரியா மட்டும் போய், இரண்டு இழைக்கும் நடுவில் ஒரு கால் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். விரல் மட்டும் கொண்டது. அதன்மேல் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே, “கபடி இங்க எப்படி மிஸ் விளையாடறது?” என்றாள்.

பிஸ்கட் சாப்பிட்டவர்களில் ஒருவருக்கு விக்கியது.

வேணிக்கு இப்போது குரல் வந்தது, வகுப்பறைக் குரல். “கயிறு சொல்றது சுற்றளவு. வேலிக்கு எவ்வளவு கம்பி வேணும்னு அது சொல்லும். உள்ள எவ்வளவு இடம்னு அதுக்குத் தெரியாது. உள்ள இருக்கறது பரப்பளவு. அதுக்குக் கட்டம் எண்ணணும். இருபதுக்கு இருபது நானூறு. முப்பதுக்குப் பத்து முந்நூறு. நீங்க பத்து மீட்டர் எடுத்தீங்க, சரி. எத்தனை நீளத்துக்கு எடுத்தீங்க? இருபது. இருநூறு கட்டம் போச்சு. பின்னால பத்து மீட்டர் கொடுத்தீங்க. எத்தனை அகலத்துக்கு? பத்து. நூறு கட்டம் வந்துச்சு. பானுப்ரியா சரியாத்தான் போட்டிருக்கா.”

அருள்ராஜுக்குக் காது சுட்டது. கொஞ்ச நேரம் முன்பு ஆடிய தன் தலையை யாரும் பார்த்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். பிறகு அந்த வெட்கம் அப்படியே கோபமாகத் திரண்டது. எழுபது பேர் கைதட்டியிருக்கிறார்கள்! பாங்கில் வேலை பார்க்கிறவன், பட்டம் வாங்கினவன், பேரன் பேத்திக்கு டியூஷன் வைத்தவன், எல்லோரும் ஒரு கயிற்றைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு பிள்ளை மட்டும் பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டு தனியாகப் போய் எண்ணியிருக்கிறது.

“யோவ்!” என்றான். “அதுக்குத்தானேய்யா நோட்டைத் திருடின?”

பிச்சமுத்துவின் சிரிப்பு இம்மியும் குறையவில்லை. “தம்பி, எனக்குக் கணக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன், வச்சுக்கங்களேன். ஆனா நோட்டை நான் எதுக்கு எடுக்கணும்? நாலாங்கிளாஸ் பிள்ளை பென்சில்ல எழுதினதை இந்த ஊர்ல எவன் படிக்கப் போறான்? எனக்கு என்ன பயம்? குழு கையெழுத்துப் போட்டாச்சு. கோர்ட்டுக்குப் போனாலும் பஜ்ஜிப் பேப்பரா சாட்சி?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். எவன் படிக்கப் போகிறான்?

அருள்ராஜின் மண்டைக்குள் வேலம்மாள் கரண்டியைத் தட்டினாள். நம்ம கடையில என்னைக்குமே சிவப்புதான். பொட்டலத்துக்குச் சட்னியே கிடையாது.

அவன் மேசையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தை எடுத்தான். பின்பக்கம். கடைசி வரிக்குக் கீழே பச்சைத் தீற்றல். மோந்து பார்த்தான். பஜ்ஜி வாசனை அடித்தது; கொத்தமல்லி இல்லை. சாய்வான ஒரு கோடு, மேலே ஒரு சுழி, அடுத்த சுழி பாதியில் அறுந்திருந்தது. மெமோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதே சாய்வு, அதே முதல் சுழி. பிறகு அரைப் பக்கத்துக்குக் கோலம்.

“மேடம்,” என்றான். “இது சட்னி இல்ல. பாதிக் கையெழுத்து.”

எல்லோரும் லூர்துவின் சட்டைப் பையைப் பார்த்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை.

“பச்சைப் பேனா யார்கிட்ட வேணாலும் இருக்கும்,” என்றார் லூர்து.

“இருக்கும்,” என்றார் மஹ்ஜபீன். “திருடின நோட்டை வரிசை நம்பர்படி அடுக்கற கை யார்கிட்ட வேணாலும் இருக்குமா சார்? பழைய பேப்பர் கடைக்காரனை ‘கலைக்காதீங்க’ன்னு அதட்டற வாய்? ஜனவரிக்கப்புறம் நோட்டையே பார்க்கலைன்னு மெமோவுல எழுதினீங்க. பொண்ணு பிப்ரவரி பதினாறுன்னு தேதி போட்டிருக்கு. அந்தத் தேதிக்குக் கீழே உங்க பேனா ஓடியிருக்கு. தேதி போடச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?”

லூர்து நாற்காலியில் சரிந்தார்.

“கையெழுத்துப் போட ஆரம்பிச்சேன்,” என்றார். “வழக்கம்போல படிக்காமத்தான். கடைசி வரி கண்ணுல பட்டுது. கை ஓடல. இருபத்தெட்டு வருஷமா கணக்கு நடத்தறேங்க. சுற்றளவு வேற, பரப்பளவு வேறன்னு எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அன்னைக்கு அந்தக் கயித்துல முடிச்சுப் போட்டவனே நான்தான். மேளம், தேங்காய், கைதட்டல், எனக்கு ஒண்ணுமே தோணல. இது வெளிய வந்தா, நாலாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரிஞ்சது ஹெச்.எம்.முக்குத் தெரியலைன்னு... நான் ஒத்தைப் பைசா வாங்கலங்க. சத்தியமா.”

“வாங்கியிருந்தா எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது,” என்றார் மஹ்ஜபீன். குரல் அத்தனை தாழ்ந்திருந்ததால் எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். “தப்பாக் கயிறு கட்டினது அறியாமை. நாங்களும்தான் ஏமாந்திருப்போம். இதோ என் அசிஸ்டென்ட், தலையாட்டினான், பார்த்தேன்.” அருள்ராஜ் வானத்தைப் பார்த்தான். “ஆனா தப்புன்னு தெரிஞ்சப்புறம் ரெண்டு வாரம் நீங்க என்ன செஞ்சீங்க? அந்தாளு நிலத்தை எடுத்தாரு. நீங்க முப்பத்திரண்டு பிள்ளைங்க உழைப்பை பஜ்ஜிக்குக் கொடுத்தீங்க. உங்க வெட்கத்துக்குப் போர்த்திக்க இந்த டீச்சரோட வேலையை உருவினீங்க. அவரு திருடன், அவ்வளவுதான். நீங்க வாத்தியார் சார்!”

கடைசி வார்த்தையை அவர் துப்பியபோது லூர்து கன்னத்தில் அறை வாங்கியவர் போலத் திரும்பினார். மெமோவை எடுத்து, குறுக்கே ‘ரத்து’ என்று எழுதி வேணியிடம் நீட்டினார். வேணி அதை வாங்கவில்லை. “மேசையில வைங்க,” என்றாள்.

பிச்சமுத்து எழுந்து வேட்டியை உதறினார். “சந்தோஷம். டீச்சர் வேலை தப்பிச்சுது. கூட்டம் முடிஞ்சுதுல்ல? சாயங்காலம் நமக்கு ஒரு ரிசப்ஷன் இருக்கு.”

“உக்காருங்க,” என்றார் மஹ்ஜபீன். “பஜ்ஜிப் பேப்பர் சாட்சியாகுமான்னு கேட்டீங்களே.”

பானுப்ரியாவின் தாளை லூர்துவுக்கு எதிரே விரித்தார். பின்பக்கம் மேலே. ‘மிச்சம் 100 கட்டத்தைக் காணோம் மிஸ்.’

“பள்ளி ஆவணத்துல தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டா அது சாட்சி. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். இதுதான் முதல் பக்கம். பாதில விட்ட கையெழுத்தை முடிங்க சார்.”

அப்போதுதான் பிச்சமுத்துவின் சிரிப்பு நின்றது. “சார், யோசிச்சு...” என்று ஆரம்பித்தார். லூர்து அவரைப் பார்க்கவில்லை. சுவரோரத்து முப்பது பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பச்சைப் பேனாவைத் திறந்தார்.

எண்ணெயில் மை ஒட்டவில்லை. முள் வழுக்கியது. இரண்டாம் முறையும் வெறும் கீறல்தான் விழுந்தது.

“அழுத்தி எழுதுங்க,” என்றார் மஹ்ஜபீன்.

அழுத்தினார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தினார். அறுந்துபோன சுழியிலிருந்து பச்சை மெல்ல ஊறி, வளைந்து, கோலம் முழுசாகி முடிந்தது. பேனாவை மூடினார்.

பானுப்ரியா மேசை விளிம்பைப் பிடித்து எக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

“தேதி போடல சார்,” என்றாள்.